பஞ்சரும் ஸ்டெப்னியும்

மோட்டார் வண்டி ஓட்டும் எவரையும் கேட்டுப் பாருங்கள். 'ஸ்டெப்னி' என்றால் என்னவென்று தயங்காமல் சொல்லிவிடுவார். ஓடுகின்ற நான்கு சக்கரங்களில் ஒன்று பஞ்சர் ஆனால் மாற்றிக் கொள்வதற்காக வண்டியிலேயே எடுத்துச் செல்லும் ஐந்தாவது சக்கரமே ஸ்டெப்னி. ஆனால் அகராதியைப் புரட்டிச் சக்கரத்துக்கும் இச்சொல்லுக்கும் என்ன தொடர்பு என்று தேடினால் விடை கிடைக்காது. ஏனெனில் இது பொருள் குறித்து எழுந்த சொல் அன்று; ஒரு தெருவின் பெயர்! பிரிட்டனின் மேற்குப் பகுதியாகிய வேல்ஸ் நாட்டில், லனெல்லி என்னும் ஊரில் அந்தத் தெரு இருக்கிறது.

வேல்ஸ் நாட்டுத் தெருவொன்றின் பெயர் நம் ஊர் லாரி ஓட்டுநரின் அன்றாடப் பேச்சில் வந்து அமர்ந்தது எப்படி? இதை அறியக் காற்று டயரின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். காற்று டயர் ஒரு முறை அல்ல, இரு முறை கண்டுபிடிக்கப்பட்டது. முதல் முறை அது மறக்கப்பட்டது. இரண்டாம் முறை நிலைத்தது. நிலைத்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் முதன்மையான ஒன்றை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. டயருக்குள் காற்றை அடைப்பது எப்படி என்று கண்டது பாதி வெற்றிதான். காற்றுப் போன டயரை எளிதில் கழற்றுவது எப்படி என்று கண்டதே மீதிப் பாதி.

காற்றின் மேல் ஓடிய குதிரை வண்டி

ராபர்ட் வில்லியம் தாம்சன் ஸ்காட்லாந்தில் ஸ்டோன்ஹேவன் என்னும் ஊரில் 1822-ஆம் ஆண்டு பிறந்தவர். இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரங்கள் கல் பாவிய சாலைகளில் எழுப்பிய இரைச்சலையும் அதிர்ச்சியையும் போக்க அவர் வழி தேடினார். ரப்பர் ஊட்டிய கித்தான் துணியால் ஒரு குழாய் செய்து, அதில் காற்றை அடைத்து, மேலே தோலுறை போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பொருத்தினார். இதற்கு 1845-ஆம் ஆண்டில் காப்புரிமையும் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று!

1847-இல் லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் இச்சக்கரங்கள் பூட்டிய குதிரை வண்டிகள் ஓடிக் காட்டப்பட்டன. ஓசை அடங்கியது, குதிரைக்கு இழுக்கும் சிரமமும் குறைந்தது. ஒரு தொகுதிச் சக்கரங்கள் 1,200 மைல் வரை ஓடித் தாக்குப் பிடித்தனவாம். ஆயினும் இக்கண்டுபிடிப்பு பரவவில்லை. அன்று சைக்கிளும் இல்லை, மோட்டாரும் இல்லை. மெல்லிய, தரமான ரப்பர் கிடைப்பதும் அரிது. அத்துடன் தோலுறை சக்கரத்தோடு மரையாணிகளால் இறுக்கப்பட்டிருந்தது. உள்ளே இருக்கும் குழாயில் ஓட்டை விழுந்தால் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் பார்க்க முடியும். விலை மிகுந்த, பழுது பார்க்கக் கடினமான அப்பொருளை உலகம் நாற்பது ஆண்டுகள் அடியோடு மறந்திருந்தது.

கால்நடை மருத்துவரின் சோதனை

இரண்டாம் முறை இதைக் கண்டவர் ஜான் பாய்டு டன்லப். அவரும் ஸ்காட்லாந்துக்காரரே, அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்தார். 1887-இல் தம் சிறு மகனின் மூன்று சக்கர சைக்கிள் கரடுமுரடான பாதையில் குலுங்காமல் ஓட வேண்டும் என்று முயன்றார். மரத் தட்டு ஒன்றைச் சுற்றி ரப்பர்க் குழாயைப் பொருத்திக் காற்றடித்தார். அதையும், கெட்டி ரப்பர் டயர் போட்ட சைக்கிள் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டி விட்டார். கெட்டி டயர்ச் சக்கரம் பாதி வழியிலேயே சாய்ந்து விழுந்தது. காற்றுக் குழாய்ச் சக்கரமோ முற்றத்தின் மறுகோடி வரை ஓடி மோதித் திரும்பியது.

ஏன் இப்படி? கெட்டிச் சக்கரம் ஒரு சிறு கல்லின் மேல் ஏறும்போது சக்கரம் முழுவதுமே மேலே தூக்கப்படுகிறது. அதற்குச் செலவான ஆற்றல் அதிர்ச்சியாக வீணாகிறது. காற்று டயரோ கல்லைத் தன்னுள் வாங்கிக் கொள்கிறது. கல் பட்ட இடம் மட்டும் குழிந்து மீள்கிறது. வண்டி ஏறக்குறைய அதே மட்டத்தில் செல்கிறது.

1888-இல் டன்லப் காப்புரிமை பெற்றார். 1889-ஆம் ஆண்டு மே மாதம் பெல்ஃபாஸ்ட் பந்தயத்தில் வில்லி ஹியூம் என்ற வீரர் இந்த டயர் பூட்டிய சைக்கிளில் ஏறி வெற்றிகளைக் குவித்தார். காற்று டயரின் புகழ் எங்கும் பரவியது. பிறகுதான் தாம்சனின் பழைய காப்புரிமை வெளிச்சத்துக்கு வந்தது. டன்லப்பின் அடிப்படைக் காப்புரிமை செல்லாததாயிற்று. ஆயினும் இம்முறை காற்று டயர் மறையவில்லை. அதைச் சுமந்து செல்லச் சைக்கிள் வந்துவிட்டது அல்லவா!

ஓர் இரவு காத்திருந்த சைக்கிள்

டன்லப் டயரிலும் ஒரு குறை இருந்தது. அது சக்கர வளையத்தோடு பசையால் ஒட்டப்பட்டுத் துணியால் சுற்றப்பட்டிருந்தது. முள் குத்தினால் துணியை அறுத்துப் பிரித்து, ஓட்டையை அடைத்து, மறுபடியும் ஒட்டிக் காய வைக்க வேண்டும்.

1889-இல் பிரான்சில் கிளெர்மோன் ஃபெரான் நகரிலிருந்த ஒரு ரப்பர்ப் பட்டறைக்கு, டயரில் காற்றுப் போன சைக்கிளுடன் ஒருவர் வந்தார். பட்டறையை நடத்தியவர்கள் ஆந்த்ரே, எதுவார் என்னும் மிஷ்லின் சகோதரர்கள். டயரைப் பிரித்துச் செப்பனிட மூன்று மணி நேரமாயிற்று. பசை காய ஓர் இரவு கழிந்தது. மறுநாள் காலை எதுவார் அதில் ஏறிச் சோதித்தார். சில நூறு மீட்டர் தொலைவிலேயே மீண்டும் காற்று இறங்கிவிட்டது! ஆனால் அந்தச் சில நூறு மீட்டர்ப் பயணத்தின் சுகம் அவரைக் கவர்ந்துவிட்டது. காற்று டயர் நல்லதுதான். அதைக் கழற்ற முடிந்தால் இன்னும் நல்லது என்று அவர் உணர்ந்தார்.

1891-இல் மிஷ்லின் சகோதரர்கள் கழற்றி மாட்டும் சைக்கிள் டயருக்குக் காப்புரிமை பெற்றனர். அதே ஆண்டு செப்டம்பரில் பாரிஸ் நகரிலிருந்து பிரெஸ்ட் வரை சென்று திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் என்ற வீரர் இந்த டயருடன் ஓட்டி 71 மணி 22 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். டன்லப் டயருடன் ஓட்டிய அடுத்த வீரர் வந்து சேர மேலும் எட்டு மணி நேரம் ஆயிற்று. மறு ஆண்டு மிஷ்லின் சகோதரர்கள் தாமே ஒரு பந்தயம் நடத்தினர். பாதையில் வேண்டுமென்றே ஆணிகளை இறைத்து வைத்தனர்! பஞ்சர் ஆகாத டயர் தம்மிடம் உண்டு என்று அவர்கள் காட்ட விரும்பவில்லை. பஞ்சர் ஆனாலும் விரைவில் சரி செய்யலாம் என்பதையே காட்ட விரும்பினர்.

இதே வேளையில் பிரிட்டனிலும் இருவர் இதே சிக்கலைத் தீர்த்தனர். 1890-இல் வெல்ச் என்பவர் டயரின் விளிம்பில் கம்பி வளையம் வைத்து, நடுவில் பள்ளமான ரிம்மில் அமர்த்தும் முறையைக் கண்டார். பார்ட்லெட் என்பவர் டயரின் தடித்த விளிம்பு ரிம்மின் வளைந்த ஓரத்தில் கொக்கிபோல் மாட்டிக் கொள்ளும் முறையைக் கண்டார். வெல்ச் கண்ட கம்பி விளிம்பும் பள்ள ரிம்மும் இன்றைய கார் சக்கரம் வரை தொடர்கின்றன. டயரின் ஒரு பக்கத்தை நடுப்பள்ளத்தில் தள்ளினால் மறுபக்கம் தளர்ந்து ரிம்மைத் தாண்டி வந்துவிடும். பஞ்சர் கடைக்காரர் நெம்புகோலைக் கொண்டு செய்வது இதைத்தான்.

இருபத்திரண்டு டியூப்கள்

சைக்கிளைத் தாங்கிய டயர் மோட்டாரைத் தாங்குமா? 1895-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாரிஸிலிருந்து போர்தோ வரை சென்று திரும்பும் 1,178 கிலோமீட்டர் மோட்டார்ப் பந்தயம் நடந்தது. கெட்டி டயர்களில் ஓடிய எமில் லெவாசோர் 48 மணி 48 நிமிடத்தில் முதலில் வந்து சேர்ந்தார். மிஷ்லின் சகோதரர்கள் காற்று டயர் பூட்டிய வண்டியைத் தாங்களே ஓட்டினர். வழியில் இருபத்திரண்டு டியூப்களை மாற்ற நேர்ந்ததாம். கடைசியில்தான் வந்து சேர்ந்தனர். பந்தயத்தில் தோல்விதான். ஆனால் காற்றின் மேல் மோட்டார் ஓடும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் வேகமான கார்கள் அனைத்தும் காற்று டயருக்கு மாறின.

அக்காலச் சாலைகளில் குதிரை வண்டிகளே மிகுதி. குதிரை லாடங்களிலிருந்து விழுந்த ஆணிகள் எங்கும் கிடந்தன. கார் வைத்திருந்தவருக்குப் பஞ்சர் என்பது பயணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. சக்கரம் அச்சோடு நிலையாகப் பூட்டப்பட்டிருந்ததால் சாலையோரத்தில் அமர்ந்து, இறுக்கமான டயரை நெம்பி எடுத்து, டியூபை ஒட்டி, மீண்டும் உள்ளே திணித்து, கைப் பம்பினால் காற்றடிக்க வேண்டும். மழையோ இருளோ வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஸ்டெப்னி தெருவின் இரும்புக் கடை

லனெல்லியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த தாமஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ் என்னும் சகோதரர்கள் 1904-இல் ஒரு வழி கண்டனர். டயரைச் சாலையோரத்தில் ஏன் கழற்ற வேண்டும்? ஏற்கெனவே காற்றடித்த டயரோடு கூடிய, ஆரக்கால் இல்லாத வெறும் வளையம் ஒன்றை வண்டியில் எடுத்துச் சென்றால் என்ன? பஞ்சர் ஆன சக்கரத்தின் பக்கத்திலேயே அவ்வளையத்தை வைத்துப் பிடிகளால் இறுக்கிவிடலாம். பழைய டயர் அப்படியே இருக்க, புதிய வளையம் வண்டியின் பாரத்தைத் தாங்கிக் கொள்ளும். வீடு சேர்ந்ததும் சாவகாசமாகப் பஞ்சரைப் பார்த்துக் கொள்ளலாம்.

கடை இருந்த தெருவின் பெயராலேயே இதற்கு 'ஸ்டெப்னி சக்கரம்' என்று பெயரிட்டு விற்றனர். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த நாடுகளுக்கெல்லாம் அது சென்றது, இந்தியாவுக்கும் வந்தது. பிறகு முழுச் சக்கரத்தையே மாற்றும் முறை வந்து, டேவிஸ் சகோதரர்களின் வளையம் வழக்கொழிந்தது. ஆனால் பெயர் மட்டும் ஒழியவில்லை. இந்தியாவிலும் வங்கதேசத்திலும் மால்ட்டாவிலும் இன்றும் உபரிச் சக்கரம் ஸ்டெப்னிதான். பிரேசில் நாட்டுப் போர்ச்சுகீசிய மொழியில் 'எஸ்தெப்பி' என்று வழங்குவதும் இதே சொல்லின் திரிபே. ஆங்கிலம் பேசும் இங்கிலாந்தில் மறைந்துபோன ஒரு சொல்லைத் தமிழ் ஓட்டுநர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் எனலாம்.

டயரிலிருந்து சக்கரத்துக்கு

அடுத்த படி 1906-இல் வந்தது. பிரான்சில் லெ மான் நகருக்கருகே நடந்த முதல் கிராண்ட் ப்ரீ பந்தயத்தில் ரெனோ கார் ஓட்டிய ஃபெரென்ஸ் சிஸ் என்பவர் வென்றார். அவருடைய வண்டியில் மிஷ்லின் நிறுவனத்தின் கழற்றும் ரிம்கள் பூட்டப்பட்டிருந்தன. மற்றவர்கள் டயரைக் கத்தியால் அறுத்தெடுத்துப் புதிதாக மாட்டிக் கொண்டிருந்த நேரத்தில், அவரும் அவருடைய மெக்கானிக்கும் சில நட்டுகளைக் கழற்றிக் காற்றடித்த டயருடன் கூடிய ரிம்மையே மாற்றிவிட்டுப் புறப்பட்டனர். ஏறத்தாழக் கால் மணி நேர வேலை சில நிமிடங்களில் முடிந்தது.

பிரிட்டனில் ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பியூ, அதே பத்தாண்டில் முழுச் சக்கரத்தையுமே ஒரே நட்டில் கழற்றும் முறையை உருவாக்கினார். எனினும் எளியவர்களின் கார்களில் இவ்வசதி தாமதமாகவே வந்தது. 1908-இல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு 'டி' காரில் 1919 வரை டயரை நெம்பி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பிறகு அழுத்தி வார்த்த எஃகுச் சக்கரமும் நான்கைந்து நட்டுகளும் பொதுவான முறையாயின.

வரிசையாகப் பாருங்கள். தாம்சன் காலத்தில் டயர் சக்கரத்தின் பிரியாத உறுப்பு. மிஷ்லின், வெல்ச், பார்ட்லெட் ஆகியோர் டயரைப் பிரித்தனர். பிறகு ரிம் பிரிந்தது. கடைசியில் சக்கரமே பிரிந்தது. ஒவ்வொரு படியிலும் தேர்ந்த தொழிலாளியின் ஓரிரவு வேலை, சாதாரணப் பயணியின் கால் மணி நேர வேலையாகச் சுருங்கியது.

பஞ்சர் கடையின் வேதியியல்

சக்கரத்தை மாற்றினால் போதுமா? ஓட்டையை யாராவது அடைக்க வேண்டுமே! அதற்குத் துணை நிற்பது 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்ட உண்மை. இயற்கை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதனுடன் கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் நீண்ட ரப்பர் மூலக்கூறுகளிடையே கந்தகப் பாலங்கள் உண்டாகின்றன. அதன்பின் ரப்பர் இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய வடிவுக்கே மீளும். ரோமானியரின் நெருப்புக் கடவுளான வல்கன் பெயரால் இது 'வல்கனைசிங்' எனப்பட்டது. சாலையோரக் கடைகளின் பலகைகளில் நாம் காணும் அதே சொல்தான்.

டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டபின் கடைக்காரர் அவ்விடத்தைத் தேய்க்கிறார். வழவழப்பான மேற்பரப்பை நீக்கிப் பசை பிடிக்கும் பரப்பைக் கூட்டவே இந்தத் தேய்ப்பு. பிறகு தடவும் சொலூஷன் என்பது கரைப்பானில் கரைத்த ரப்பர். அது சற்றுக் காயும் வரை அவர் காத்திருப்பதற்கும் காரணம் உண்டு. கரைப்பான் ஆவியாகாமல் உள்ளே சிக்கினால் ஒட்டு நிற்காது. சூடேற்றும் கருவியில் வைத்து அழுத்தும்போது ஒட்டுக்கும் டியூபுக்கும் இடையே புதிய கந்தகப் பாலங்கள் தோன்றுகின்றன, இரண்டும் ஒன்றாகின்றன.

பின்னாளில் டியூபே மறைந்தது. குட்ரிச் நிறுவனத்தின் ஃபிராங்க் ஹெர்சே உருவாக்கிய டியூப் இல்லாத டயருக்கு 1952-இல் காப்புரிமை கிடைத்தது. 1955 முதல் அமெரிக்கப் புதுக் கார்களில் அது வழக்கமாயிற்று. டயரின் உட்புறத்தில் காற்றுக் கசியாத ரப்பர்ப் படலம் இருக்கும். டயரும் ரிம்மும் சேர்ந்து காற்றை அடைத்து வைக்கும். ஆணி குத்தினால் ரப்பர் ஆணியை இறுகப் பற்றிக் கொள்வதால் காற்று மெல்லவே இறங்கும். வெளியிலிருந்து துளையில் பிசின் தோய்ந்த திரியைச் செருகிச் சில நிமிடங்களில் அடைத்துவிடலாம். ஆனால் தரை தொடும் பகுதியில் ஏற்பட்ட சிறு துளைக்கே இது ஏற்றது. டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்வதால் அங்கே போட்ட ஒட்டு நிலைக்காது.

இன்றைய பெரிய வண்டியில்

குடும்பங்கள் இன்று விரும்பி வாங்கும் எஸ்.யு.வி. வண்டியை எடுத்துக் கொள்வோம். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 2,000 கிலோகிராம் என்றால் ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் சுமார் 500 கிலோகிராம். டயரின் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2.5 கிலோகிராம், காற்றடிக்கும் இடத்தில் '36' என்று சொல்லப்படும் அளவு இதுவே. ஐந்நூறை 2.5-ஆல் வகுத்தால் 200 சதுர சென்டிமீட்டர். அதாவது 20 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இடம்தான் தரையைத் தொடுகிறது. காற்று இறங்க இறங்க இப்பரப்பு விரியும்; பக்கச் சுவர் மடிந்து நசுங்கிச் சூடேறும். அந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால் அடைக்கத்தக்க சிறு துளையுள்ள டயர் எதற்கும் உதவாததாகிவிடும்.

சக்கரம் மாற்றும் முறையின் ஒவ்வொரு படியிலும் ஓர் இயற்பியல் விதி உண்டு. வண்டியைச் சமதளமான, கெட்டியான தரையில், போக்குவரத்திலிருந்து விலக்கி நிறுத்த வேண்டும். கைப் பிரேக்கைப் போட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல் அணை கொடுக்க வேண்டும். இவ்வகை வண்டி உயரமானது. அதன் ஈர்ப்பு மையமும் உயரத்தில் இருக்கிறது. சரிவிலோ மணலிலோ ஜாக்கி வைத்தால் சாய்ந்துவிடும். மண் தரையானால் ஜாக்கியின் அடியில் தடித்த பலகை வைத்துப் பாரத்தைப் பரப்புவது நல்லது.

வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். தரையின் உராய்வு அப்போது சக்கரத்தைச் சுழலாமல் பிடித்துக் கொள்கிறது. தூக்கியபின் முயன்றால் சக்கரமும் சேர்ந்து சுழலும்; வண்டியும் ஜாக்கியிலிருந்து நழுவக்கூடும். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 30 கிலோகிராம் விசை கொடுத்தால் ஏறத்தாழ 90 நியூட்டன் மீட்டர் முறுக்கம் கிடைக்கிறது. ஸ்பேனரின் நீளம் கூடினால் விசை குறையும்.

திருகு ஜாக்கியின் கைப்பிடியை ஒரு முறை சுற்றும்போது நம் கை ஏறத்தாழ ஒரு மீட்டர் நகர்கிறது; வண்டியோ சில மில்லிமீட்டர்தான் உயர்கிறது. தூரத்தைக் கொடுத்து விசையை வாங்குகிறோம். திரவ ஜாக்கியானால் பாஸ்கல் விதியின்படி சிறு பிஸ்டனின் விசை பெரிய பிஸ்டனில் பெருகுகிறது. ரிச்சர்டு டட்ஜன் என்ற அமெரிக்கர் 1851-இலேயே, மோட்டார் வண்டி தோன்றும் முன்பே, இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். எந்த ஜாக்கியானாலும் தூக்கிய வண்டியின் அடியில் தலையையோ கையையோ நுழைக்கக் கூடாது. புதிய சக்கரத்தை மாட்டியபின் நட்டுகளை அடுத்தடுத்து இறுக்காமல் எதிரெதிராக இறுக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் சாயாமல் அச்சின் முகத்தோடு சமமாக அமரும். வண்டியை இறக்கிய பிறகு கடைசி இறுக்கம் கொடுப்பது அவசியம்.

ஐந்தாம் சக்கரம் விடைபெறுகிறதா?

ஐந்தாம் சக்கரத்தின் காலம் இப்போது மாறி வருகிறது. இடமும் எடையும் மிச்சம் பிடிக்கப் பல வண்டிகளில் சிறிய, தற்காலிகச் சக்கரம் தருகிறார்கள். வேறு சிலவற்றில் துளையடைக்கும் திரவமும் சிறு காற்றுப் பம்பும் மட்டுமே உண்டு. இந்தியாவிலும் 2020-இல் விதிகள் திருத்தப்பட்டன. டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தத்தைக் கண்காணித்து எச்சரிக்கும் கருவியும், பஞ்சர் சரிசெய்யும் கருவித் தொகுப்பும் உள்ள கார்களுக்கு உபரிச் சக்கரம் கட்டாயமில்லை என்றாயிற்று. சிறு ஆணித் துளைக்கு இவை போதும். ஆனால் கூரிய கல்லில் பக்கச் சுவர் கிழிந்துவிட்டால் திரவத்தால் பயனில்லை. உபரிச் சக்கரம் இல்லாத வண்டியின் பயணி அப்போது உதவிக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். பசை காயும் வரை ஓரிரவு காத்திருந்த சைக்கிள்காரரைப் போல!

பயணியைப் பிறர் தயவில்லாமல் தன் வழியே போக வைத்ததுதான் கழற்றி மாட்டும் சக்கரம் தந்த பெரும் விடுதலை. அந்த விடுதலை கருவியில் மட்டும் இல்லை. அதைக் கையாளும் அறிவிலும் இருக்கிறது. பல ஆண்டுகள் தொடப்படாமல் கிடந்து காற்று இறங்கிப்போன ஸ்டெப்னி, இல்லாத ஸ்டெப்னிக்குச் சமம். மாதம் ஒரு முறை நான்கு டயர்களுக்குக் காற்றுப் பார்க்கும்போது ஐந்தாவதற்கும் பார்த்து வைப்போம். ஜாக்கி எங்கே இருக்கிறது, ஸ்பேனர் நட்டுக்குப் பொருந்துகிறதா என்பதைப் பகல் வெளிச்சத்தில் வீட்டு வாசலிலேயே ஒரு முறை சோதித்து அறிவோம். வீட்டிலுள்ள மாணவர்களும் உடனிருந்து செய்து பார்க்கட்டும். நெம்புகோலும் திருகும் உராய்வும் அங்கே பாடப் புத்தகத்திலிருந்து இறங்கி வந்து வேலை செய்வதைக் கண்ணாரக் காண்பார்கள்.